பத்து இணைக் குரோமோசோம்கள்: இரு மாணவியரின் ஆய்வுப் பாதை

1920-களில் அமெரிக்காவின் இரு பல்கலைக்கழக நகரங்களில் இரண்டு இளம்பெண்கள் நுண்ணோக்கியின் முன் அமர்ந்து குரோமோசோம்களை எண்ணிக்கொண்டிருந்தார்கள். நியூயார்க் மாநிலத்து இத்தாக்காவில் பார்பரா மெக்கிளின்டாக்கின் கண்ணாடித் தகட்டில் இருந்தது மக்காச்சோளம். மிச்சிகன் மாநிலத்து ஆன் ஆர்பரில் இ.கே. ஜானகி அம்மாளின் தகட்டில் இருந்தது நிக்காண்ட்ரா. கத்தரிக்கும் மணத்தக்காளிக்கும் உறவான, வெளிர்நீலப் பூப் பூக்கும் பெரு நாட்டுச் செடி. ஒன்றை மனிதர் விதைத்துக் காக்கிறார்கள்; மற்றதைப் பல ஊர்களில் களையென்று பிடுங்கி எறிகிறார்கள். ஆனால் எண்ணி முடித்தால் இரண்டின் செல்லிலும் வழக்கமாக வருவது 20. பத்து இணைகள்.

இது தற்செயல்தான். தாவர உலகில் 20 அப்படியொன்றும் அரிய எண்ணன்று. ஆனாலும் இவ்விருவரையும் அருகருகே வைத்துப் பார்க்க என்னைத் தூண்டியது அந்த எண்தான். நோபெல், பத்மஸ்ரீ என்று பின்னாளில் விழுந்த மாலைகளைச் சற்று நேரம் கழற்றி வைத்துவிட்டு, இருவரையும் ஆய்வு மாணவியராகவே பார்ப்போம். ஆய்வுக்கு எப்படி வந்து சேர்ந்தார்கள்? ஆய்வகக் கதவைச் சாத்திய பிறகு என்ன செய்தார்கள்? எனக்குள்ள கேள்விகள் இவ்விரண்டே.

முதலில் வீட்டு வாசல். மெக்கிளின்டாக்கின் தாயார் மகளைக் கல்லூரிக்கு அனுப்ப மறுத்தார். மேற்படிப்புப் படித்த பெண்ணை யார் கட்டிக்கொள்வார் என்ற கவலை. நம் ஊர்த் தாய்மாருக்கே உரியதென்று நாம் நினைத்திருக்கும் இக்கவலை, நூறாண்டுக்கு முன் புரூக்ளினிலும் அப்படியே இருந்திருக்கிறது. பள்ளிப் படிப்பை முடித்த பெண் பகலில் ஒரு வேலைவாய்ப்பு நிலையத்தில் பணிபுரிந்தார். மாலையில் பொது நூலகத்தில் அமர்ந்து தானாகவே படித்தார். முதல் உலகப் போரில் இராணுவ மருத்துவராகக் கடல்கடந்து போயிருந்த தந்தை திரும்பி வந்து மகள் பக்கம் நின்ற பிறகுதான், 1919-இல், கார்னெல் வேளாண் கல்லூரியில் இடம் கிடைத்தது.

தலைச்சேரியில் ஜானகி அம்மாளின் வீட்டிலும் துணை நின்றவர் தந்தையே. சார்பு நீதிபதியான இ.கே. கிருஷ்ணன் இயற்கை அறிவியலில் நாட்டமுடையவர். தம் தோட்டத்தைப் பற்றி விரிவான குறிப்புகள் எழுதி வைத்தவர். அக்காள் தங்கைமார் பெரியவர்கள் பார்த்த இடத்தில் வாழ்க்கைப்பட்டார்கள். ஜானகிக்கும் முறை வந்தது. அவர் படிப்பைத் தேர்ந்துகொண்டார். இருவர் வாழ்விலும் திருமணம் என்பது ஆய்வுக்கு முன்னால் வந்து நின்ற கேள்வி. இருவரும் கடைசிவரை மணம் செய்துகொள்ளவில்லை. இதைத் தியாகம் என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. இருவரும் இழந்ததாகச் சொல்லிக்கொள்ளாத ஒன்றை நாம் ஏன் அவர்கள் கணக்கில் இழப்பாக எழுத வேண்டும்?

ஆய்வுக்கு வந்த பாதையில்தான் இருவரும் பெரிதும் விலகுகிறார்கள். மெக்கிளின்டாக்கின் பாதை ஒரு தொலைபேசி அழைப்பில் திரும்பியது. இளங்கலை மாணவியாக அவர் மரபியல் பாடத்தில் காட்டிய ஊக்கத்தைக் கண்ட ஆசிரியர் சி.பி. ஹட்சிசன் 1922-இல் அவரை அழைத்து, முதுநிலை மாணவர்க்கான மரபியல் வகுப்பில் சேர்ந்துகொள்ளச் சொன்னார். பிறகு தடையில்லை: 1923-இல் இளங்கலை, 1925-இல் முதுகலை, 1927-இல் முனைவர். எல்லாம் ஒரே வளாகத்தில். பட்டம் பெறும்போது வயது 25.

ஜானகி அம்மாளின் பாதை வளைந்து வளைந்து போனது. சென்னை இராணி மேரி கல்லூரி, மாநிலக் கல்லூரியில் 1921-இல் தாவரவியல் ஆனர்ஸ், பெண்கள் கிறித்துவக் கல்லூரியில் ஆசிரியப் பணி, ஆசியப் பெண்களுக்கென்று மிச்சிகன் பல்கலைக்கழகம் வைத்திருந்த பார்பர் உதவித்தொகையில் முதுகலை, மறுபடி சென்னை வந்து அதே கல்லூரியில் வகுப்பு, மறுபடி கப்பல், 1931-இல் அறிவியல் முனைவர் பட்டம். அப்போது வயது 33. மெக்கிளின்டாக் தம் சோளக்காட்டுக்கு நடந்தே போனார். ஜானகி அம்மாள் கடல் கடந்து போனார், அதுவும் இருமுறை. ஆய்வில் வயது ஏறிக்கொண்டே போகிறதே என்று கலங்கும் இன்றைய மாணவர் யாரேனும் இதைப் படித்தால் இந்த எட்டாண்டு வேறுபாட்டைக் குறித்துக்கொள்ளட்டும். அந்த எட்டாண்டில் பெரும்பகுதி சென்னைப் பெண்களுக்குத் தாவரவியல் கற்பித்ததில் கழிந்தது.

அந்தக் கப்பல் பயணங்களில் ஒன்றின் முடிவில் ஒரு காட்சி உண்டு. அமெரிக்கக் குடியேற்ற அலுவலர்கள் ஜானகி அம்மாளை எல்லிஸ் தீவில் சற்று நேரம் நிறுத்தி வைத்தார்கள். நீண்ட கருங்கூந்தல், பட்டுச் சேலை. இந்திய இளவரசியோ என்று அவர்களில் ஒருவர் கேட்க, இவர் மறுக்கவில்லையாம். இதற்கு இணையான காட்சி கார்னெலிலும் கிடைக்கிறது. நிலப்பொதியியல் தேர்வில் மெக்கிளின்டாக் விடைகளை எழுதும் ஆவலில் தம் பெயரையே மறந்துபோனார். பக்கத்தில் இருப்பவரைக் கேட்க வெட்கம். ஏறக்குறைய இருபது நிமிடம் கழித்துத்தான் நினைவு வந்தது. ஒருவர் தமக்குரியதல்லாத பட்டத்தை மறுக்காமல் ஏற்றார். மற்றவர் தமக்குரிய பெயரையே தொலைத்தார். தாம் யார் என்பதைவிடச் செய்யவிருக்கும் வேலை முக்கியம் என்ற மனம் இரண்டிலும் தெரிகிறது.

உடையிலும் கூந்தலிலும் இருவரும் எதிரெதிர்த் திசைகளில் நடந்தார்கள். மெக்கிளின்டாக் கல்லூரிக் காலத்திலேயே கூந்தலைக் குட்டையாக வெட்டிக்கொண்டார். பாவாடை வயலுக்கு உதவாது என்று முழங்கால் வரையிலான கால்சட்டை தைத்து அணிந்தார். ஜானகி அம்மாள் எந்த நாட்டிலும் சேலையை விடவில்லை. வளாகம் ஒருத்தியிடம் எதிர்பார்த்த தோற்றத்தை முன்னவர் கலைத்தார். பின்னவர் அந்த எதிர்பார்ப்பு தமக்குப் பொருந்தும் என்றே எண்ணவில்லை. வழி வேறு. தம் உடம்பின் மீதான தீர்ப்பைத் தாமே சொல்லிக்கொண்டதில் இருவரும் ஒன்று.

தோழமையும் அப்படியே. கார்னெலில் மாணவியர் சங்கம் ஒன்று மெக்கிளின்டாக்கைச் சேர அழைத்தது. அது சிலரைச் சேர்த்துச் சிலரை ஒதுக்குவது என்று கண்டதும் அவர் விலகிக்கொண்டார். பின்பு அவருக்கு வாய்த்தது கார்னெல் பேராசிரியர் ரோலின்ஸ் எமர்சனின் மக்காச்சோள ஆய்வுக் குழு. 1929-இல் கார்னெல் சோளக்காட்டில் எடுத்த படம் ஒன்றில் எமர்சன், மார்க்கஸ் ரோட்ஸ், சார்லஸ் பர்னம், ஜார்ஜ் பீடில் ஆகியோரோடு அவர் நிற்கிறார். பீடிலின் பக்கத்தில் ஒரு நாயும் இருக்கிறது. அந்தப் படத்தில் பெண் அவர் ஒருவரே. ஆன் ஆர்பரில் ஜானகி அம்மாள் வாழ்ந்ததோ மார்த்தா குக் இல்லம் என்ற மாணவியர் விடுதியில். உதவித்தொகையால் உறவானவர்கள் சீனத்திலும் ஜப்பானிலும் இந்தியாவிலும் இருந்து வந்த பெண்கள். மெக்கிளின்டாக்கின் நட்பு ஆய்வுப் பொருளைச் சுற்றி வளர்ந்தது. ஜானகி அம்மாளின் நட்பு வந்த வழியின் பொதுமையில் வளர்ந்தது.

ஆய்வகத்துக்கு வெளியே என்ற சொல்லுக்கு மாணவப் பருவ மெக்கிளின்டாக்கிடம் ஓசை இருந்தது. இத்தாக்காவின் ஜாஸ் குழுவொன்றில் அவர் பான்ஜோ வாசித்தார். மாலை வேளைகளில் டென்னிஸ். ஆனால் இரவு நெடுநேரம் வாசித்துவிட்டு விடியுமுன் வயலுக்குப் போவது இயலாதென்று கண்டு பான்ஜோவை விட்டார். மக்காச்சோளம் காத்திருக்காது. கதிரின் நூலிழைகள் வெளிவருமுன் அதை உறையிட்டு மூட வேண்டும். உரிய நாளில் உரிய செடியின் மகரந்தத்தைக் கொண்டுவந்து தூவ வேண்டும். தவறினால் அடுத்த பருவம், அதாவது அடுத்த ஆண்டு. அந்த வயலை ஆய்வகத்துக்கு உள்ளே என்பதா, வெளியே என்பதா? தாவர ஆய்வாளர் இருவரை ஒப்பிடும்போது இந்தக் கோடு அழிந்துகொண்டே வருகிறது.

இனி ஆய்வேடுகள். இங்கேதான் சற்று நின்று பார்க்க வேண்டும். இருவருக்கும் இடையிலான ஒற்றுமையும் இங்கேதான் ஆழமாகிறது.

மெக்கிளின்டாக்கின் முனைவர் ஆய்வுக்கு அடித்தளம் ஒரு விலகல். வயலில் கிடைத்த ஒரு மக்காச்சோளச் செடியில் குரோமோசோம்கள் இரண்டு தொகுதிகளாக இல்லாமல் மூன்று தொகுதிகளாக, அதாவது முப்பதாக இருந்தன. இதை மும்மடியம் என்கிறோம். அப்படிப்பட்ட செடியை இயல்பான செடியோடு கலந்தால், ஏதேனும் ஒரு குரோமோசோம் மட்டும் கூடுதலாக உள்ள பிள்ளைகள் பிறக்கும். எந்தப் பண்பின் மரபு விகிதம் மாறுகிறது என்று வயலில் பார்த்து, எந்தக் குரோமோசோம் கூடியிருக்கிறது என்று நுண்ணோக்கியில் பார்த்தால், பண்பையும் குரோமோசோமையும் பொருத்திவிடலாம். ஜான் பெல்லிங் உருவாக்கிய அசிட்டோகார்மைன் சாய முறையை அவர் மேலும் செம்மைப்படுத்தியிருந்தார். வெறும் கோடுகளாகத் தெரிந்த பத்தும் நீளத்தாலும் கரத்தின் அளவாலும் முடிச்சாலும் வேறுவேறு முகம் பெற்றன. 1929-இல் பத்துக்கும் எண் கொடுத்து வெளியிட்டார். ஊரில் ஒவ்வொரு வீட்டுக்கும் கதவிலக்கம் எழுதியது போன்ற வேலை அது. அதன் பிறகே அந்த ஊருக்குள் யாரும் வழி கேட்டுப் போக முடிந்தது.

ஜானகி அம்மாளும் தம் ஆய்வேட்டுக்கு ஒரு விலகல் கொண்ட செடியையே எடுத்திருந்தார். நிக்காண்ட்ராவின் பத்து இணைகளில் ஒன்பது இயல்பானவை, பத்தாவது விந்தையானது. அதன் குரோமோசோமில் இரண்டு கரங்களும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம். இடக்கையையே வலப்பக்கமும் ஒட்டி வைத்தது போல. இதை ஐசோகுரோமோசோம் என்பார்கள். இதன் முழுப் பொருளை விளக்கும் கட்டுரையைக் குரோமோசோம் ஆய்வாளர் சி.டி. டார்லிங்டனோடு சேர்ந்து அவர் வெளியிட்டது 1945-இல். பட்டம் வாங்கிப் பதினான்கு ஆண்டுகள் கழித்து, வேறொரு நாட்டில், ஒரு பெரும் போருக்கு நடுவே, தம் மாணவப் பருவத்துச் செடியிடம் திரும்பிப் போயிருக்கிறார். மெக்கிளின்டாக்கோ தம் செடியை விட்டு நெடுநாள் விலகியிருந்ததில்லை. 1940-களின் நடுவில், அதே ஆண்டுகளில், மக்காச்சோளத்தின் ஒன்பதாவது குரோமோசோம் உடைவதைத் துரத்திக்கொண்டு, இடம்பெயரும் மரபணுக்களை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். இருவருக்கும் ஆய்வேடு பட்டத்தோடு மூடி வைக்கும் கோப்பாக இருக்கவில்லை.

பட்டத்துக்குப் பிறகு நடந்ததுதான் நான் சற்றும் எதிர்பாராதது. யாருக்கு முதலில் நிலையான பேராசிரியப் பணி கிடைத்திருக்கும் என்று கேட்டால், கார்னெலில் பட்டம் பெற்று, கார்னெலையே தம் கண்டுபிடிப்புகளால் உயர்த்தியவருக்கு என்றுதான் எவரும் சொல்வர். நடந்தது வேறு. மெக்கிளின்டாக் 1931 வரை அங்கே வெறும் பயிற்றுநர். அதே ஆண்டில்தான் ஹாரியட் கிரைட்டனோடு சேர்ந்து, குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொள்ளும்போதே பண்புகளும் இடம் மாறுகின்றன என்பதை நிறுவினார். கார்னெலுக்கு வந்திருந்த மரபியல் முன்னோடி டி.எச். மார்கன் உடனே வெளியிடுங்கள் என்று வற்புறுத்திய ஆய்வு அது. ஆனாலும் அடுத்து வந்தவை உதவித்தொகைகள் மட்டுமே. மிசௌரியில் உதவிப் பேராசிரியர் பதவி கிடைக்க 1936 வரை பொறுத்திருந்தார். ஜானகி அம்மாளோ 1932-இல் திருவனந்தபுரம் மகாராஜா அறிவியல் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியர்.

காரணத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். கார்னெல் பெண்களை மாணவியராகச் சேர்த்துக்கொண்டது; பேராசிரியராக ஏற்கத் தயங்கியது. சென்னையிலோ 1914-இல் இராணி மேரி கல்லூரியும், 1915-இல் பெண்கள் கிறித்துவக் கல்லூரியும் பெண்களுக்கென்றே தோன்றியிருந்தன. பெண்களுக்குத் தனிக் கல்லூரி என்றால் அங்கே பெண் ஆசிரியர் வேண்டும். ஆசிரியருக்கு உயர்படிப்பு வேண்டும். ஆண் பெண் பிரிவினை என்ற பழைய வழக்கமே ஒரு பெண்ணுக்கு வேலையையும், வேலை வழியே ஆய்வையும் திறந்துவிட்டது. சேர்ந்து படிக்கவிட்ட வளாகமோ வாசல்வரை அழைத்து வந்து அங்கேயே நிறுத்திவிட்டது. இதைப் பிரிவினைக்குச் சான்றிதழாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 1934-இல் ஜானகி அம்மாள் கோவைக் கரும்பு இனப்பெருக்க நிலையத்துக்கு வந்தபோது, தனித்து வாழும் பெண் என்பதும், பிற்பட்டதென்று கருதப்பட்ட சாதியில் பிறந்தவர் என்பதும் அவரைத் துன்புறுத்தின. மெக்கிளின்டாக்குக்குப் பெண் என்ற ஒரு தடை. இவருக்குப் பல தடைகள். இங்கே துலாக்கோல் சமமாக நிற்காது. நிற்பதாகக் காட்டுவது நேர்மையும் ஆகாது.

கோவையில்தான் இரு பாதைகளும் உண்மையில் ஒன்றையொன்று தொடுகின்றன. பூத்த கரும்பை விவசாயி விரும்பமாட்டார். சக்கை கூடும், சாறு குறையும். இனக்கலப்பு செய்பவருக்கோ அந்தப் பூதான் உயிர். கரும்பு பூத்து விதை பிடிக்கும் இடம் என்பதால்தான் 1912-இல் நிலையத்தைக் கோவையில் அமைத்தார்கள். அங்கே ஜானகி அம்மாள் கரும்பைப் பல புல்லினங்களோடு கலந்து பார்த்தார். அவற்றுள் ஒன்று மக்காச்சோளம். மெக்கிளின்டாக் வாழ்நாள் முழுதும் தனியாகவே ஆராய்ந்த செடியை, ஜானகி அம்மாள் கரும்போடு கூட்டி ஒரு புதுச்செடியை உண்டாக்கி 1938-இல் அறிவித்தார். மக்காச்சோளத்தின் இருபதை ஒவ்வொன்றாக அடையாளம் காணலாம். கரும்பிலோ எண்பது, நாணல் இனத்துக் காட்டுக்கரும்பில் அந்த எண் இடத்துக்கு இடம் மாறும். முன்னவர் ஒவ்வொரு முகத்தையும் தனித்துத் தெரிந்துகொண்டவர். பின்னவர் கூட்டத்தின் உறவுமுறையைத் தேடியவர். எடுத்துக்கொண்ட செடியே ஆய்வாளரின் பார்வையைப் பழக்கிவிடுகிறது என்று நினைக்கிறேன்.

ஐரோப்பா இருவரையும் ஒவ்வொரு முறை பிடித்திழுத்தது. 1933-இல் கக்கன்ஹைம் உதவித்தொகையில் ஜெர்மனி சென்ற மெக்கிளின்டாக், நாஜிகளின் எழுச்சியைக் கண்டு காலக்கெடுவுக்கு முன்பே திரும்பினார். 1939-இல் எடின்பரோ மரபியல் மாநாட்டுக்குச் சென்ற ஜானகி அம்மாள், போர் மூண்டதால் திரும்ப முடியாமல் இங்கிலாந்திலேயே தங்கிவிட்டார். ஒருவருக்கு அரசியல் பயணத்தைச் சுருக்கியது, மற்றவருக்கு நீட்டியது. குண்டு விழும் இரவுகளில் கட்டிலுக்கு அடியில் படுத்தும், காலையில் உடைந்த கண்ணாடியைத் துடைத்தெடுத்தும் அவர் ஜான் இன்ஸ் தோட்டக்கலை ஆய்வு நிலையத்தில் வேலையைத் தொடர்ந்தார். ஊரிலிருந்து யாருக்கும் தெரியாமல் அவர் கொண்டுபோன அணிற்பிள்ளை ஒன்றும் அங்கே வளர்ந்தது. அதற்கு அவர் வைத்த பெயர் கபோக், நம் இலவம்பஞ்சு.

ஆய்வகத்துக்கு வெளியேயான வாழ்க்கை மெக்கிளின்டாக்கிடம் ஆண்டுக்கு ஆண்டு குறுகியது. ஜானகி அம்மாளிடம் விரிந்தது. முன்னவர் 1941-இல் நியூயார்க் மாநிலத்துக் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வு நிலையத்துக்கு வந்து, ஏறத்தாழ அங்கேயே வாழ்நாளைக் கழித்தார். பொழுதுபோக்கு, காட்டு வழியே நடந்து வால்நட் பொறுக்குவது. பின்னவர் இங்கிலாந்தின் விஸ்லித் தோட்டத்தில் மக்னோலியாக்கள், 1951-க்குப் பின் இந்தியத் தாவரவியல் ஆய்வுத்துறையின் மறுசீரமைப்பு, பழங்குடி மக்களின் தாவர அறிவு, எண்பதை நெருங்கும் வயதில் கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்குக் காட்டு மரங்களின் குரோமோசோம் கணக்கு என்று போய்க்கொண்டே இருந்தார். அணைத் திட்டத்தால் அக்காடு மூழ்கிவிடுமோ என்று அஞ்சிய காலம் அது.

ஒப்பிட்டவர் தீர்ப்புச் சொல்லாமல் நழுவக் கூடாது. உயிரியலை மாற்றிய ஒரே கண்டுபிடிப்பு என்று கேட்டால் மெக்கிளின்டாக்கின் இடம்பெயரும் மரபணுவுக்கு நிகராக ஜானகி அம்மாளிடம் ஒன்றும் இல்லை. ஓர் ஆய்வு மாணவி எத்தனை கடலையும் எத்தனை துறையையும் கடக்க முடியும் என்று கேட்டால் ஜானகி அம்மாளுக்கு நிகராக மெக்கிளின்டாக்கைச் சொல்ல மாட்டேன். நம் பாடநூல்களில் முன்னவர் இருக்கிறார். பின்னவருக்கும் அங்கே இடம் வேண்டும். தமிழ்நாட்டில் தாவரவியல் படிக்கும் பெண், தான் உட்காரும் வகுப்பறையிலிருந்து புறப்பட்ட பாதை எதுவென்று அறிந்திருக்க வேண்டும்.

மெக்கிளின்டாக்கை ஆய்வுக்கு அழைத்தது ஒரு தொலைபேசி. நோபெல் பரிசு அறிவிக்கப்பட்ட 1983-இல் அவர் வீட்டில் தொலைபேசி இல்லை. செய்தியை வானொலியில் கேட்டார். அப்போது ஜானகி அம்மாள் சென்னைக்கு மேற்கே மதுரவாயலில், சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் உயராய்வு மையத்தின் கள ஆய்வகத்தில், மருந்துச் செடிகளுக்கும் பூனைகளுக்கும் நடுவே வாழ்ந்துகொண்டிருந்தார். ஸ்டாக்ஹோமில் மெக்கிளின்டாக் பரிசைப் பெற்றது 1983 டிசம்பர் 10. மதுரவாயலில் ஜானகி அம்மாள் காலமானது 1984 பிப்ரவரி 7. இடையில் 59 நாட்கள்.